மச்சம் இல்லாதவள்

காமயகவுண்டன்பட்டி
3.10.1999

அன்புள்ள சொர்ணலதா,

கோயம்புத்தூர் நர்சிங் விடுதிக்குப் போனதும் ஊர் மறந்துவிட்டதாடி? 'உப்புமலைக்காரி' நாவலின் ஏழாம் பாகமும் முடிந்துபோனது. தலையில் உப்பு மூட்டையோடு அரியணையைத் தாண்டி அவள் பாட்டுக்கு நடந்து போனாளே, அதற்கப்புறம் எந்த மாயக்கதையும் ருசிக்கவில்லை. எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டும் பெண்களுக்கு ஏழு பாகத்தையும் நான்தான் சொன்னேன். "அடுத்து என்ன கதை ஆத்தா?" என்று உன் அம்மா சங்கிலியம்மாள் நச்சரிக்கிறார். இங்கே நூலகத்தில் ஒன்றும் இல்லை. பழைய புத்தகக் கடையில் தேடி அனுப்பு.

உன் பாண்டீஸ்வரி

கோயம்புத்தூர்
20.10.1999

பாண்டி,

ஊரை மறக்க நேரம் எங்கே? வார்டில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. இரண்டு நாவல் அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் பறக்கும் மலை, இன்னொன்றில் பேசும் வாள். இரண்டும் பிரமாதம் என்றார் கடைக்காரர். அவர் படித்த மாதிரி தெரியவில்லை. அம்மாவுக்குப் பிடித்ததா என்று எழுது.

சொர்ணம்

காமயகவுண்டன்பட்டி
21.11.1999

சொர்ணம்,

இரண்டும் தேறவில்லை. அடிமைப் பையன் பூதத்தைக் கொல்கிறான். உடனே தோளில் மச்சம் தெரிகிறது. தொலைந்துபோன இளவரசனாம். இரண்டிலும் இதே கதைதான். உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அடப் போ ஆத்தா. மச்சம் இல்லாதவன் குத்துனா பூதம் சாவாதாக்கும்?"

வேறு வழியில்லாமல் உப்புமலைக்காரியையே மறுபடி ஆரம்பித்தேன். அரண்மனை வாசலில் காவலன் அவள் கையில் ஊற்ற வந்த தண்ணீரை மறுத்து, ராஜாவின் குவளையை எடுத்துக் குடிக்கும் இடம் வந்தது. உன் அம்மா எழுந்தார். உங்கள் தெருப் பெண்களுக்கு நாங்கள் கையில்தானே ஊற்றுவோம்? அவரே எங்கள் டம்ளரை எடுத்துப் பானையில் மொண்டு குடித்தார். அப்பா டம்ளரைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். பெண்கள் எல்லோரும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டார்கள். கேரளா போகவேண்டிய லாரி மாலைவரை காலியாக நின்றது. அப்பா இறங்கி வந்தார். இப்போது எல்லோருக்கும் ஒரே டம்ளர்.

உன் அம்மாவுக்கு முன்னால் உப்புமலைக்காரியெல்லாம் யாரடி? புதுக் கதை கிடைத்ததா?

பாண்டி

கோயம்புத்தூர்
5.12.1999

பாண்டி,

உன் கடிதத்தை விடுதியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் அம்மா என்று பத்து முறையாவது சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒன்று. என் அம்மா செய்ததை எழுதினாய், உன் அப்பா செய்ததை எழுதினாய். நீ என்ன செய்தாய்? ஏழு பாகத்தையும் நாம் உங்கள் மாட்டுக்கொட்டத்தில்தான் படித்தோம். உன் அம்மா எனக்கும் கையில்தான் ஊற்றினார். நீ பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய்.

கதை கிடைத்துவிட்டது. மூன்று பாகம். படகோட்டி ஒருத்தி, மச்சமே கிடையாது. என்ன எழுத்து! தபாலில் அனுப்பமாட்டேன். பொங்கலுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்கலாமா?

சொர்ணலதா

காமயகவுண்டன்பட்டி
19.12.1999

சொர்ணம்,

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

வீட்டில் கேட்டேன். "தோட்டத்துல விட்டது பத்தாதா? ஊர்ல என்ன சொல்லுவாக?" என்று அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்படியானால் நான் அவள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பட்டப்பகலில், தெரு பார்க்க வருவேன். உன் அம்மா கையால் சாப்பிடுவேன். அங்கேயே உட்கார்ந்து படிப்போம்.

"போனா அங்கனயே இருந்துக்க" என்கிறார் அப்பா.

மூன்று பாகத்தையும் கொண்டு வா.

பாண்டீஸ்வரி