மருந்து ஃப்ரிட்ஜில் சிவப்பு ஒயின்

மே 5, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் நேற்றே ஆரம்பம். காலை ஒன்பது மணிக்கே வெயிலில் கண் கூசுகிறது. இரண்டாம் ஷெட் ஸ்ப்ரிங்கிளரில் அடைப்பு. இவர் ஏணி போட்டு ஏறி, ஊதி ஊதிச் சரிசெய்தார். கோழிகள் வாயைப் பிளந்து இளைக்கின்றன. நேற்றும் சில செத்துப்போயின.

செய்ய வேண்டியவை: ஈரச்சாக்கு மாற்ற. வைட்டமின் பொட்டலம் வாங்க. மகள் நித்யாவுக்கு போன். அந்த பாட்டில்?

பாட்டில் விஷயத்தை எழுதிவிடுகிறேன். கோயில் நோம்பிக்கு வந்த மாப்பிள்ளை, மாமனாருக்கென்று பெங்களூரிலிருந்து சிவப்பு ஒயின் ஒன்று கொண்டுவந்தார். மாமா குடிப்பார் என்பது அவருக்குக் கல்யாணத்தன்றே தெரியும். மேடைக்குப் பின்னால் விழுந்து கிடந்தவரைத் தூக்கி உட்காரவைத்ததே மாப்பிள்ளைதான். நிறுத்தியது மட்டும் தெரியாது. நித்யா சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இவர் சட்டைக் கையை ஏற்றி மணிக்கட்டுக் கயிற்றைக் காட்டினார். மாப்பிள்ளைக்கு முகமே சுருங்கிப்போயிற்று.

போன வைகாசி அமாவாசைக்கு முனியப்பன் கோயிலில் கட்டிய கயிறு. ஒரு வருஷம் தொட மாட்டேன் என்று. வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போய்க் கட்டவைத்தது நான். அன்றைக்கு பூசாரி என்னையும் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார், சரக்கு வீட்டு வாசப்படி தாண்டக்கூடாது, தாண்டினால் கயிறு நிற்காது என்று. அதனால் பாட்டில் இப்போது பண்ணை ரூமில், தீவன மூட்டைக்குப் பின்னால். பண்ணை வீடாகாது. நடுவில் களம் இருக்கிறது.

வருகிற சனி விட்டு அடுத்த சனி அமாவாசை. கயிற்றின் கெடு முடிகிறது. மறுபடி கட்டிக்கொள்வாரா? அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மே 6, புதன்

கொட்டிவிடலாம் என்று முடிவு. தென்னை மூட்டில் கொட்டத்தான் மூடியைத் திருகினேன். ஏன் வாயில் வைத்தேன் என்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

கொதிக்கிறது. சுண்டிப்போன புளிக்குழம்பு மாதிரி. துப்பிவிட்டேன்.

மாப்பிள்ளை கிளம்பும்போது சொன்னது: ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் அத்தை, ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில்தான் குடிக்க வேண்டும். யாருடைய ரூம்? பண்ணை ரூமில் கோழிக்காக மாட்டிய தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது காட்டுகிறது. இந்த விதியை எழுதியவன் எங்கள் புதுச்சத்திரத்துக்கு வந்ததில்லை போல.

கொட்டவில்லை. பண்ணை ரூமிலேயே இருக்கும் கோழி மருந்து ஃப்ரிட்ஜில், தடுப்பு மருந்துக் குப்பிகளுக்குப் பின்னால் வைத்தேன். குளிர்ந்த பிறகு கொட்டினால் வாசம் வராது என்று நினைத்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் இது என்ன காரணம் என்றே புரியவில்லை.

மே 8, வெள்ளி

மத்தியானம் மூன்று. இவர் கட்டிலில். முட்டை எடுக்கும் ராசாத்தி சாப்பிடப் போயிருந்தாள். அனல் காற்று. தகரம் படபடவென்று அடிக்கிறது. சும்மா குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

எவர்சில்வர் டம்ளரில் கால் டம்ளர். ஐஸ் இரண்டு கட்டி.

முதலில் துவர்ப்பு, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி. பின்னாலேயே புளிப்பு. கழுத்துக்குள் சில்லென்று இறங்கி, கொஞ்சம் கழித்து காது மடல் சூடாயிற்று. வெளியே குளிர்ச்சியும் உள்ளே சூடும் ஒன்றாக. டம்ளர் வேர்த்திருந்தது, அதை நெற்றியில் வைத்துக்கொண்டேன். வெயில் அப்படியேதான் இருந்தது. ஆனால் அது வேறு யாருக்கோ அடிக்கிற வெயில் போலிருந்தது.

நன்றாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது. ரொம்ப நன்றாக இருந்தது.

டம்ளரை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன். சீரகம் மென்றேன். ராசாத்தி வந்து, “ஏனுங்க்கா, மூஞ்சி செவந்து கெடக்குது, வெயில்ல நின்னீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன்.

இனி இதில் சி.சா. என்று எழுதுகிறேன். சிவப்புச் சாறு. சாறுதானே. திராட்சை.

மே 10, ஞாயிறு

நாமக்கல் போய் வைட்டமின் வாங்கினேன். வரும் வழியில் ரோட்டோரம் நுங்கு. சீவி இலையில் கட்டிக் கொடுத்தான்.

சி.சா.வில் நுங்கைத் துண்டாக்கிப் போட்டு, ஐஸ். இதை மாப்பிள்ளை கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். துவர்ப்பு அடங்கிவிடுகிறது. நுங்கு ரோஸ் நிறமாகிறது. கரண்டியால் எடுத்துத் தின்றேன். தின்றால் அது குடித்ததாகுமா?

நித்யாவிடம் போனில் சுற்றிவளைத்துக் கேட்டேன், ஒயினும் சரக்கும் ஒன்றா என்று. “எதுக்கும்மா கேக்கற?” என்றாள். பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள் என்றேன். பக்கத்தில் வீடே கிடையாது. அவளுக்கும் தெரியும்.

இன்று ஒரே குழப்பம். இருபத்தைந்து வருஷம் இவரைத் திட்டியிருக்கிறேன். அந்தக் கருமத்தில் என்னதான் இருக்கிறது என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். பதில் வேண்டிக் கேட்டதில்லை. வெறும் கசப்பும் நாற்றமும் என்று நினைத்துத்தான் திட்டினேன். இப்படி ஒரு சுகம் என்று தெரிந்திருந்தால் இன்னும் அதிகமாகத் திட்டியிருப்பேனா, குறைவாகவா? இவர் விட்டது இதையா? நான் விடச்சொன்னது வேறு ஏதோ அல்லவா?

ஆனால் நான் கால் டம்ளரோடு எழுந்துவிடுகிறேன். இவர் எழுந்ததில்லை. ரோட்டோரப் பள்ளத்தில் வண்டியோடு கிடந்ததை மறந்துவிடக்கூடாது. மறக்கவில்லை. இருந்தாலும்.

பாட்டிலில் ரப்பர் பேண்ட் மாட்டிவைத்தேன், அன்றன்றைக்கு எதுவரை இருக்கிறது என்று தெரிய. எனக்கு நானே காவல்.

மே 12, செவ்வாய்

காலையில் உயிரே போய்விட்டது. குஞ்சு ஷெட்டுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து இன்று. மறந்தே போனேன். எப்போதும் குப்பிகளை எடுத்துத்தருவது நான். இன்று நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இவர் போய் ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டார். ஓடினேன். அதற்குள் குப்பிகளோடு வெளியே வந்து ஃப்ரிட்ஜைச் சாத்திக்கொண்டிருந்தார்.

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தோசை கருகுது பார் என்றார்.

பார்த்தாரா? பாட்டில் குப்பிகளுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் குப்பிகளை எடுத்தால் பின்னால் இருப்பது தெரியாதா? கருஞ்சிவப்பு. கோழி லிவர் டானிக்கும் அதே நிறம்தான். டானிக் என்று நினைத்திருக்கலாம். கண்ணாடி போட்டிருந்தாரா? ஞாபகமில்லை.

இன்று தொடவில்லை. மூன்று மணிக்கு மோர் குடித்தேன். மோர் மோராகத்தான் இருந்தது.

மே 13, புதன்

ரப்பர் பேண்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு டம்ளர் அளவு குறைவு. நான் இல்லை. நேற்று நான் தொடவே இல்லை. மூடி ஒழுங்காகத் திருகியிருக்கிறது. ராசாத்தியிடம் ரூம் சாவி கிடையாது. சாவி இரண்டே இரண்டு. என்னிடம் ஒன்று, இவரிடம் ஒன்று.

பண்ணை ரூமில் இருந்த டம்ளர்களில் ஒன்று குறைகிறது.

ஒரு வருஷம். இந்த மூன்று நாள் தாண்டினால் முழுசாக ஒரு வருஷம். பாவி, நானே கொண்டுபோய்க் கண்ணெதிரே குளிரவைத்துக் கொடுத்திருக்கிறேன்.

மே 14, வியாழன்

கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். கேட்காமல் விட்டால் இவர் கைவிட்டுப் போய்விடுவார். காலையிலிருந்து இதே யோசனை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை.

ஷெட்டில் ஈரச்சாக்குக் கட்டும்போது வேண்டுமென்றே பக்கத்தில் நின்று மோந்து பார்த்தேன். வியர்வை, தீவனத் தூசி. வேறு வாசம் இல்லை. ஏதோ தப்பு செய்தவரைப் போல இல்லை. நான்தான் அப்படி இருக்கிறேன். “என்ன புள்ள, நாயி மாதிரி மோந்து பாக்கற?” என்றார்.

இன்னொன்று. ஃப்ரீஸரில் ஐஸ் தட்டு நிறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நுங்குக்குக் காலி செய்தது. திரும்பத் தண்ணீர் ஊற்றினேனா? ஊற்றவில்லை. ஊற்றினேனோ? என் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. சி.சா. மூளைக்கு ஏறிவிட்டதா, கால் டம்ளருக்கே?

மே 15, வெள்ளி

நாளைக்கு அமாவாசை. காலையில் ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்று இவரே சொன்னார். கயிற்றை அவிழ்க்கவா, மறுபடி கட்டவா? அதைச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு மறுபடி கட்டச் சொல்வது?

எடுத்துவைக்க: மாலை, எலுமிச்சை, சூடம், வாழைப்பழம், சுருட்டு. முனியப்பனுக்குக் குவார்ட்டர் பாட்டிலும் வைத்துக் கும்பிடுவார்கள். சாராயம் படைப்பதும் அதே சாமிக்கு. குடிக்க மாட்டேன் என்று கயிறு கட்டுவதும் அதே சாமியிடம். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இன்றுதான் இது விசித்திரமாகப் படுகிறது. சாமிக்கு மட்டும் குழப்பம் வராதா?

மே 16, சனி, அமாவாசை

விவரமாக எழுத வேண்டும். ஒன்றும் விடக்கூடாது.

ஹைவேயில் ஏறியதும் என்னால் முடியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. “ஏனுங்க, அந்தப் பாட்டிலு கொறஞ்சிருக்குது” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அப்புறம் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். நான் குடித்தது, ஐஸ், நுங்கு, ரப்பர் பேண்ட் எல்லாம். ஆனால் அந்த ஒரு டம்ளர் நானில்லை என்றேன். அழுகை வந்தது. நீங்கள்தானா என்று நேராகக் கேட்டேன்.

முன்னால் போன முட்டை லாரியைத் தாண்டினார். பிறகு சொன்னார்:

“நாந்தான் எடுத்தேன். நீ சாமிக்கு வெக்காமயே குடிச்சுப்போட்டயல்ல. அத்தன வருசம் குடிச்சு நாசமாப் போனவன், நானே ஒருநாளு அப்படிப் பண்ணுனதில்ல. அதான் உம்பேரச் சொல்லி ஒரு டம்ளரு வெச்சேன்.”

பண்ணை மூலையில் வேம்புக்கடியில் எங்கள் முனியப்பன் கல். அங்கேதான் டம்ளர். திறந்த பாட்டிலில் முதல் பங்கு சாமிக்கு. நம் பக்கத்தில் குடிக்கிறவனுக்கெல்லாம் தெரியும். குடிக்காத எனக்கு எப்படித் தெரியும்? சாமி என்னை ஏதாவது செய்துவிடும் என்று பயந்திருக்கிறார். தன் கையால் ஊற்றியிருக்கிறார், ஒரு வருஷம் வாசமே படாத மனுஷன். விரலைக்கூட நக்கியிருக்க மாட்டார். நம்புகிறேன். நம்புகிறேனா? ஆமாம், நம்புகிறேன்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். ஐஸ் தட்டு காலியாகக் கிடந்ததாம். “கோழிக்கா ஐஸு போடுவ?” என்றார். தண்ணீர் ஊற்றிவைத்ததும் அவர்தான்.

ஏன் திட்டவில்லை என்று கேட்டேன். கோயில் வளைவு வந்துவிட்டது, வண்டியைத் திருப்பினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபமா, வெட்கமா, நிம்மதியா, எனக்கு வந்தது எதுவென்றே தெரியவில்லை. எல்லாம் ஒன்றாக வந்தது.

கோயிலில் கூட்டம். பூசாரி பழைய கயிற்றை அறுத்து வேலடியில் போட்டார். இவர் மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு கோடு. இன்னொரு வருஷத்துக்குங்களா என்று கேட்டார் பூசாரி. இவர் பூசாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தலையாட்ட எனக்கு ஏது முகம்? குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது கையை நீட்டியிருந்தார். அவராகவே.

அதோடு விட்டதா? பூசாரி என் பக்கம் திரும்பினார். “அம்மிணி, நீங்க சாமி முன்னால சொல்லோணும். சரக்கு ஊட்டுக்குள்ள வராதுன்னு.”

ஃப்ரிட்ஜ் கண்முன்னால் வந்து நின்றது. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் நெருக்குகிறார்கள். இவர் சொன்னார்:

“வராதுங்க சாமி. ஊட்டுக்குள்ள வராது.”

ஊட்டுக்குள்ள என்பதைக் கொஞ்சம் அழுத்தினார். நான் மட்டும்தான் அதைக் கவனித்தேன். பூசாரி கட்டிவிட்டார்.

வரும் வழியில் வண்டியை நிறுத்தி நுங்கு வாங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மே 17, ஞாயிறு

வெயில் நேற்றைவிட அதிகம். இரண்டாம் ஷெட் ஸ்ப்ரிங்கிளர் மறுபடி அடைப்பு. பல்லி விழுந்த தண்ணீர்த் தொட்டியைக் கழுவினோம்.

மீதியைக் கொட்டிவிடப்போகிறேன் என்று காலையில் சொன்னேன். உன் இஷ்டம் என்றார். நையாண்டியா, நிஜமா?

மத்தியானம் மூன்று மணிக்குப் பண்ணை ரூமுக்குப் போனால், இவர் ஸ்டூலில் உட்கார்ந்து நுங்கு சீவிக்கொண்டிருக்கிறார். மேஜையில் இரண்டு டம்ளர். ஒன்றில் நுங்கும் தண்ணீரும். இன்னொன்றில் வெறும் ஐஸ். பாட்டிலை அவர் தொடவில்லை. நானாக எடுத்து ஊற்றிக்கொண்டேன். குடிக்குமுன் வேம்படிக்குப் போய்க் கல்லுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு வந்தேன். காலில் கொஞ்சம் சிந்திக்கொண்டேன்.

உட்கார்ந்தோம். ஃபேன் சுடுகாற்றை வீசுகிறது. பாட்டில் திறந்து நாளாகி ரொம்பப் புளித்துவிட்டது. இருந்தாலும் ஜில்லென்று இருந்தது.

“எப்படி இருக்குது?” என்றார்.

இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி. பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். நல்லாவே இல்லை, கசப்பு, இதற்காகவா என்று.

“நல்லா இருக்குதுங்க” என்றேன்.

“தெரியும்” என்றார். புதுக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.