மீன் விடாத தொட்டி

முருகன் துணை

கறம்பக்குடி
14.7.2025

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிடம் கேட்டாயாம். உங்க அப்பா, பெரியப்பா நல்லதம்பி, அத்தை பிரகதாம்பாள், நான். நாலு பேர்தான். நீ பீட்டரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு திருப்பூர் போய்விட்ட சேதி வந்த மறுநாள் விடியக்காலம் குளத்துக்குப் போய் உன்னைத் தலைமுழுகினோம். நானும்தான் முழுகினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தை உன் போட்டோ முன்னால் விளக்கு வைத்தது. பதினாறு நாளைக்கு அணையக்கூடாது என்றது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அப்படி விளக்கு எரிந்தால் முருகன் என்னைத்தான் கேட்பான். அத்தை ஊருக்குப் போனதும் பூவை வைத்து விளக்கைக் குளிரவைத்துவிட்டேன். உங்க அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு, நீ போகுமுன் ஆர்டர் போட்டிருந்த கண்ணாடித் தொட்டி வந்தது. திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கினார். ரெண்டு நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அப்புறம் அவரே பிரித்தார். உள்ளே தொட்டி, லைட்டு, கறுப்பு மண், பொடிக்கல், ஈரக் காகிதத்தில் சுற்றின செடி. "இத என்ன செய்றது?" என்றார். என்னைக் கேட்டாரா, தொட்டியைக் கேட்டாரா, தெரியவில்லை. செடியை வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். எப்படி வைப்பது என்று எழுது. உன்னோடு பேசிவிடுவேன் என்று என் போனைப் பெரியப்பா வாங்கி வைத்துக்கொண்டார். பதிலைப் பொன்னுத்தாய் விலாசத்துக்குப் போடு.

அம்மா
பரிமளா


திருப்பூர்
19.7.2025

அம்மா,

நீயும் முழுகினாயா. சரிம்மா.

பொடிக்கல்லை அரிசி களைவது மாதிரி களை, தண்ணீர் தெளிந்து வரும்வரை. கறுப்பு மண்ணை அலசிவிடாதே, அது செடிக்குச் சாப்பாடு. மண் அடியில், கல் மேலே. அதன்மேல் ஒரு தட்டை வைத்துத் தட்டின்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்று, இல்லாவிட்டால் கலங்கிவிடும். தடித்த இலைச் செடியின் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். அதை நூலால் ஒரு கல்லில் கட்டி வை. மற்றதை விரலால் ஊன்று. மீன் இப்போது வேண்டாம். ஒரு மாதமாவது தண்ணீர் பழகட்டும். அவசரப்பட்டு விட்டால் செத்துப்போகும்.

அப்பா என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா? நான் ஒருநாள் வீட்டுக்கு வரலாமாம்மா?

சுடர்


முருகன் துணை

கறம்பக்குடி
2.8.2025

அன்பு மகள் சுடர்விழிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ எழுதியபடியே வைத்தாயிற்று. நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். "இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னா?" என்றார். "கேள்விப்பட்டேன்" என்றேன். உரக்கடையில் மூட்டை கட்டுகிற கைதானே, நூலில் அழகாக முடிச்சுப் போட்டார். நூல் பத்து ரூபாய், 'பூச்செடி' என்று வீட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

லைட்டைத்தான் அவர் அணைக்க விடமாட்டேன் என்கிறார். வைத்த அன்றிலிருந்து ராப்பகலாக எரிகிறது. மீட்டரைப் பார்த்தேன், பெரிதாக ஏறவில்லை. நான் ஒருதரம் சுவிட்சில் கைவைத்தேன். "எரியட்டும்" என்றார். அவ்வளவுதான். அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா நாகராசு, மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா லைட்டு? அங்கிட்டு என்ன நீச்சல் போட்டியா நடக்குது?" என்றது. "செடிக்கு" என்றார். "மகளத் தொலச்சிட்டுப் பாசி வளக்கிறியாக்கும்" என்றது. அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அத்தை சொன்னதும் பொய்யில்லை. தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரிப் பச்சையாகிவிட்டது. கண்ணாடியெல்லாம் வழவழப்பு. உள்ளே செடி இருப்பதே தெரியவில்லை. அவர் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்.

வரலாமா என்று கேட்டிருந்தாய். உன் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. காலையில் விபூதி பூசும்போது மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராதே என்றும் வரவில்லை.

அம்மா
பரிமளா


திருப்பூர்
7.8.2025

அம்மா,

லைட்டு எத்தனை நேரம் என்று நான்தான் எழுத மறந்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போதும். அதற்குமேல் எரிந்தால் செடி தின்றது போக மிச்சத்தைப் பாசி தின்னும். செடிக்கும் இருட்டு வேண்டும். லைட்டை நிறுத்திவிட்டு மூன்று நாள் தொட்டியைத் துணியால் மூடி வை. பிறகு பாதித் தண்ணீரை மாற்று. மாற்றுகிற தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்துவிடு.

அப்பாவிடம் நீ சொன்னால் கேட்பார். செடி செத்துவிடும் என்று சொல்.

சுடர்


முருகன் துணை

கறம்பக்குடி
28.8.2025

அன்பு மகள் சுடர்விழிக்கு,

செடி செத்துவிடும் என்றேன். உடனே எழுந்துபோய் அவரே சுவிட்சை அணைத்தார். என் பழைய நூல்சேலையால் மூடினோம். அந்த மூன்று நாளும் வீட்டுக்குள் எங்கே பார்ப்பது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. கல்லில் கட்டின செடி புதிதாக ரெண்டு இலை விட்டிருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போகிறார். பத்து மணிக்கு அணைக்கிறார்.

பெரியப்பா வந்திருந்தார். "தலமுழுகுன வீட்டுல அவ வாங்குன தொட்டிய வச்சு அழகு பாக்குறியே, ஊரு சிரிக்காதாப்பா?" என்றார். உங்க அப்பா, "அண்ணே, டீ ஆறுது" என்றார். பெரியப்பா குடித்துவிட்டுப் போனார். போகும்போது என் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் இன்னும் எடுக்கவில்லை.

நேற்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தொட்டியைப் பார்த்தபடியே கேட்டார், "மாசம் ஆச்சா?"

"ஆச்சு" என்றேன்.

"மீன் விடலாமா?"

"எனக்கு என்னங்க தெரியும்?"

"உயிரக் கொண்டாந்து விடுறது. தெரிஞ்சவுக சொல்லாம விடக்கூடாது. எழுதிக் கேளு."

நான் உனக்கு எழுதுவதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. யாருக்கு எழுதுவது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நான் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

வரலாமா என்று நீ கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்கச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். என்ன மீன், எத்தனை விடலாம், எங்கே வாங்கலாம் என்று எழுது. அவர் காத்துக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் பதில் போடு.

அம்மா
பரிமளா