மூடி திறந்திருக்கையில்

இன்று காலை மேசையைத் துடைத்தபோது ஸ்பிரிட் வாடை எழுந்தது. பக்கத்தில் உங்கள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். பழக்கம்தான். ஊட்டியில் மழை விடவில்லை. ஆய்வகத்தில் ஏசி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

இலைத் துணுக்கு வளர்க்கும் புட்டி திறந்திருக்கும்போது பேசக்கூடாது என்பது நம் வேலையின் விதி. மூச்சுக்காற்று பட்டால் பூஞ்சை வந்துவிடும். அருகருகே ஊமைகளாக உட்கார்ந்திருப்போம். கடைசிப் புட்டியை மூடியதும் நீங்கள் முகக்கவசத்தை இறக்கி, "ஏனுங்க அம்மிணி, இப்பப் பேசலாமுங்களா?" என்பீர்கள். சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டும்: மாமியார், வராத பஸ், பெர்ன்ஹில் கடையில் வாங்கிய புளித்த மாவு. நான் 'உம்' கொட்டுவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

கூடலூர்க் காட்டோர மரத்திலிருந்து இலை கொண்டுவந்தது நீங்கள்தான். புற்றுநோய் மருந்துக்கான பொருள் அந்த மரத்தில் உண்டு. மரத்தை வெட்டாமல், இலைத் துணுக்கைப் புட்டியில் வளர்த்தே அதை எடுக்கலாம் என்று நம்பினீர்கள். நான் நம்பவில்லை. துணுக்கு வெளிர்பச்சைக் கட்டியாகப் பெருகியது. ஆனால் புதுப் புட்டிக்கு மாற்ற மாற்ற மருந்து குறைந்துகொண்டே வந்தது. "சொகுசா வெச்சா அப்படித்தானுங்க. பசி தெரியாம வளந்ததுக்கு மருந்தெதுக்கு?" என்று சிரித்தீர்கள்.

பிறகு அந்த நோய் உங்களுக்கே வந்தது. கோவை மருத்துவமனையில் உங்களுக்கு ஏற்றிய மருந்துக்கும் அதே பொருள்தான் மூலம். கட்டிலருகே நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். "ஏன் அம்மிணி, மூடி தொறந்திருக்குதா?" என்றீர்கள். நான் கிளம்பும்போது நீங்கள்தான் சொன்னீர்கள்: "புட்டியிலெ மருந்து ஒண்ணும் இல்லீன்னா எனக்காக அதெ வெச்சிருக்க வேண்டாமுங்க. கொட்டீட்டு, மறுபடி மரத்துகிட்டப் போங்க."

சென்ற வாரம் புட்டிகளின் சோதனை முடிவு வந்தது. மருந்து துளியும் இல்லை. உங்கள் புட்டிகளைக் கிருமி நீங்க அவித்துக் கொட்டினேன். நேற்று கூடலூர் போய் அதே மரத்தில் இலை பறித்தேன். இன்று அதை நறுக்கிப் புதுப் புட்டியில் வைத்தேன்.

தொடங்கியவரின் முதலெழுத்தைப் புட்டியின் மேல் எழுதுவது நம் வழக்கம். கை உங்கள் எழுத்துக்குத்தான் போனது. நறுக்கியது நான், பொய் எழுத முடியாது. என் எழுத்தை எழுதினேன். நீங்கள் இல்லை என்பதை என் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை.

இதிலாவது மருந்து ஊறுமா, தெரியாது. சந்தேகப்படுவது என் வேலை, நம்புவது உங்கள் வேலை என்றிருந்தது. இப்போது இரண்டையும் நானே செய்ய வேண்டியிருக்கிறது, அக்கா.