மனநல டாக்டருக்கு ஒரு சீட்டு

9 ஜூலை, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு வந்து பன்னிரண்டு நாள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்ததில் என் வீட்டுக்காரருக்குத் தொடை எலும்பு முறிந்தது. என் தம்பி விக்கி கடலோடு போய்விட்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். பிறகு ஏன் சாப்பிடுவதில்லை? ஏன் என் முகத்தையே பார்ப்பதில்லை?

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்தார். "தூங்கவே மாட்றாரு சார்" என்றேன். "வலி இருக்கும்மா, சரியாயிடும்." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

10 ஜூலை

இன்றும் அரை இட்லி.

12 ஜூலை, வெள்ளி

செவ்வந்தி சிஸ்டர்தான் சொன்னார்: "மனநல டாக்டர் பாக்கணும்மா. சீட்டு எழுதச் சொல்லு." எலும்பு டாக்டரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடினேன்.

"பேஷண்ட கூட்டினு வா" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"கால் ஒடைஞ்சி படுத்துனுகீறாரு சார், எப்டி கூட்டினு வர்றது?"

"அப்போ வார்டுக்கு வரணும்னு எழுதி சீல் போட்டுனு வா."

திரும்பி வந்தால் சீல் வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரைத் திட்டுவது?

13 ஜூலை

மாமனார் தருமலிங்கம் போனில் கத்தினார். "எம் புள்ள இன்னா பைத்தியமா? ஊர்ல தெரிஞ்சா அசிங்கம்." போனை வைத்துவிட்டேன். எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கப் போகிறது.

15 ஜூலை, திங்கள்

சீல் போட்டாயிற்று. மொத்த ஆஸ்பத்திரிக்கும் ஒரே டாக்டராம். முடிந்தால் வருவாராம். முடிந்தால்!

16 ஜூலை

வரவில்லை.

17 ஜூலை, புதன்

டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள், கட்டில் வேண்டுமாம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அந்த டாக்டர் பாக்காம போமாட்டேன்! பழவேற்காட்லேர்ந்து இவர மறுபடி எப்டி தூக்கினு வர்றது?" வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். செவ்வந்தி சிஸ்டர் போனை எடுத்தார்.

நாலு மணிக்கு ஜமுனா டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என்னை வெளியே இருக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம். பிறகு வந்து, "அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். கேக்க முடியுமா?" என்றார்.

தலையாட்டிவிட்டு அவருடன் உள்ளே போனேன்.

"ஒரு கையில மெதந்த கேன புடிச்சினு இருந்தேன், ஒரு கையில விக்கிய" என்றார் இவர். "கை மரத்துப்போச்சி. பெரிய அல ஒண்ணு— வுட்டுட்டேன் அர்ச்சனா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என்னால்தான் பார்க்க முடியவில்லை.

18 ஜூலை

ஜமுனா டாக்டர் மாத்திரை எழுதினார். அப்புறம் என்னிடம், "தம்பி எப்படி இருப்பான்?" என்று கேட்டார். இத்தனை நாளில் யாரும் கேட்கவில்லை. சொல்ல ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை.

5 ஆகஸ்ட், திங்கள்

வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள். இப்போது கொஞ்சம் தூங்குகிறார்.

இன்று அம்மா வந்தாள். நான் தடுப்பதற்குள் இவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "எவ்ளோ நேரம் அவன புடிச்சினு இருந்த?"

"ஒரு மணி நேரம் இருக்கும் அத்த."

"அவ்ளோ நேரம் எம் புள்ள ஒண்டியா இல்ல."

கிளம்பும்போது இவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் இன்னும் தொடவில்லை. நாளைக்கு ஜமுனா டாக்டரிடம் போக ஆட்டோ சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை நானும் உள்ளே உட்காருவேன்.