எல்லாவற்றுக்கும் ஆமா

மார்ச் 3, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் இன்று சொன்னாள்: "அக்கா, அவருக்குப் பிடிச்ச வேலையைக் கையில குடுங்க. பேச்சு பின்னாடியே வரும்."

பிடித்த வேலை என்றால் பின்னறையில் துணி போட்டு மூடிக் கிடக்கும் அந்த சிஎன்சி மெஷின்தான். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் பலகையைத் தானே செதுக்கும். லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்தால் என் வீட்டுக்காரர் அதோடுதான் குடித்தனம் நடத்தினார். கடிகாரம், பெயர்ப்பலகை, யாருமே கேட்காத சாவி மாட்டிகள்.

பக்கவாதம் வந்த பிறகு வலது கையில் பாதி பலம். வாயில் ஒரே சொல். டீ வேணுமா? ஆமா. வேண்டாமா? ஆமா. வலிக்குதா? ஆமா.

சும்மா இருக்கும்போதே அந்த மெஷினைப் பார்த்தால் எனக்குப் பயம். இதில் இவரை வேறு அதன் முன்னால் உட்கார வைப்பதா?

மார்ச் 5, வியாழன்

பழைய டிசைன் சாஃப்ட்வேர், அவர் வேலை பார்த்த கம்பெனி கொடுத்தது. வேலையோடு அதுவும் போயிற்று. மகள் போனில், "இலவசமாவே நல்லது ஒண்ணு இருக்கும்மா" என்றாள். போட்டுப் பார்த்தேன். திரை முழுக்கப் பொத்தான்கள், விமானம் ஓட்டுவதற்கு வைத்த மாதிரி. அவருக்கோ இப்போது நாலு எழுத்து சேர்ந்தாற்போல் படிக்க வராது. கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தப்பு செய்துவிட்டேனோ.

மார்ச் 8, ஞாயிறு

மாத வாடகைக்கு ஒன்று இருக்கிறது, பார்க்க அழகு. ஆனால் வாடகை நின்றால் வரைந்ததெல்லாம் உள்ளேயே பூட்டிக்கொள்ளுமாம். வேண்டவே வேண்டாம் சாமி! உள்ளே பூட்டிக்கொண்ட ஆள் இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார்.

இன்னொன்று, ஒரே தடவை காசு கட்டினால் போதும். ஒரு மாதம் சும்மா போட்டுப் பார்க்கலாம். எல்லாமே படம்: இடப்பக்கம் நாம் வரைவது, வலப்பக்கம் செதுக்கிய பிறகு பலகை எப்படி இருக்கும் என்பது. அவர் இடது கையால் மவுஸைப் பிடித்து ஒரு வட்டம் போட்டார். அதற்குள் இன்னொரு வட்டம். நான் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

இன்று மெஷினை ஓட்டிப் பார்த்தோம்.

அந்த சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும். ஆழத்தை எங்கிருந்து அளக்க? பலகையின் மேல்பக்கத்திலிருந்தா, பலகை உட்கார்ந்திருக்கும் மேஜையிலிருந்தா? "மேல்பக்கமாங்க?" என்று கேட்டேன். "ஆமா." தட்டிவிட்டேன். அவர் மெஷினில் செதுக்குகிற கட்டரை இறக்கி மேஜையில் தொட வைத்தார். பார்த்தேன், பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அவர் மேஜையிலிருந்து அளக்கிறார், கம்ப்யூட்டர் மேலிருந்து அளக்கிறது.

கட்டர் பலகையைத் துளைத்து மேஜைக்குள் இறங்கிப் படாரென்று உடைந்தது. துண்டு அவர் காதோரமாகப் பறந்து சுவரில் அடித்தது. பிளக்கைப் பிடுங்கினேன். "ஆமான்னீங்களே! ஆமான்னுதானே சொன்னீங்க!" என்று கத்தினேன்.

"ஆமா" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

மார்ச் 15, ஞாயிறு

துணியை மறுபடி போட்டு மூடிவிட்டேன்.

கட்டர் போனால் போகட்டும். நாளைக்கு நெஞ்சு வலிக்குதான்னு கேட்பேன், ஆமாம்பார். அப்ப நான் என்ன பண்ணுவேன்? ஆஸ்பத்திரிக்கு ஓடவா, டீ போடவா? எதைக் கேட்டாலும் ஆமான்னா நான் யார்கிட்டதான் கேட்கிறது? பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

மார்ச் 17, செவ்வாய்

மெஷினை விற்றுவிடலாமா என்று கேட்டேன். ஆமா என்றார். கேட்டிருக்கவே கூடாது.

மார்ச் 20, வெள்ளி

நடந்ததைச் சொன்னதும் பயிற்சிப் பெண் சிரிக்கவில்லை. "வாயால கேக்காதீங்கக்கா. ரெண்டு படம் வைங்க. விரலை வைக்கட்டும்."

அந்த சாஃப்ட்வேரில் அந்தக் கேள்விக்கு இரண்டு படம் இருக்கத்தான் செய்கிறது. நான்தான் படத்தைக் காட்டாமல் வாயால் கேட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

துணியை அவரே உருவிப் போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, சரி என்று சொல்லவும் இல்லை. இரண்டு படத்தையும் காட்டினேன். விரல் மேஜைப் படத்தில் உட்கார்ந்தது. எனக்குப் பதற்றம், போன வாரப் பழக்கம், மவுஸ் தானாக மேல்பக்கத்துக்குப் போயிற்று. பட்டென்று என் கையில் ஒரு அடி.

"இல்ல."

"என்னது?"

"இல்ல!" எரிச்சலோடு. சுத்தமான பழைய எரிச்சல்.

மெஷின் ஓடியபோது இருவரும் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம். எதுவும் உடையவில்லை. கோணலாக ஒரு வட்டம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இலவச மாதம் முடியப் போகிறது. படம் போட்ட சாஃப்ட்வேரையே வாங்கிவிடலாம் என்றேன். இல்ல. அந்த விமானப் பொத்தான்காரனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது கஷ்டம்ங்க என்றேன். இல்ல. உங்களுக்குப் படிக்க வராதுங்க என்றேன், வாய் தவறி. இல்ல, இல்ல, இல்ல! மேஜையில் குத்துகிறார். நானும் விடவில்லை.

நடுவில் மகளின் போன். "என்னம்மா அங்க சத்தம்?"

"உங்கப்பா என்கூட சண்டை போடறார்டி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன், பாதிச் சண்டை பாக்கி இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அதற்கே நேரம் சரியாக இருந்தது. இன்று பயப்பட மறந்தே போனேன்.