உப்புப் போட்ட ஐஸும் சேவியர் போட்ட ஊசியும்

9, திங்கள்
கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். ஐஸ் கம்பெனியில் நாற்பது பார் உடைத்தாச்சு, தோள் காலி.

நர்ஸ்பிள்ளை வந்தது. வியாழன் கோயில் மண்டபத்தில் புது கொரோனா ஊசி. கரண்ட் அடிக்கடி போகிறது, மருந்துப் பெட்டிக்கு ஐஸ் வேண்டுமாம். என்ன ஊசி என்று கேட்டேன். துளியூண்டு கொழுப்புக் குமிழி, உள்ளே ஒரு சேதி. உடம்பு அதைப் படித்துக் கிருமியின் முள்ளை மட்டும் செய்யுமாம். முள்ளைப் பார்த்து உடம்பு உஷாராகிவிடும். சேதி கரைந்துபோகும்.

"கெளுத்தி முள்ள மட்டும் காட்டி பிள்ளையள உஷார் பண்ணுத மாதிரி" என்றேன். சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வாயில் மட்டும். மனசில் கொழுந்தன் சேவியர். ஊசி போட்டால் கை கால் விழுந்துவிடும் என்று என் வீட்டுக்காரரைத் தடுத்தவன். அவர் மூச்சு முட்டிச் செத்தார். முப்பதாம் நாள் பூசைக்கு எல்லார் சட்டையோடும் அவன் சட்டையையும் தேய்க்கும்போது பையில் காகிதம். அவன் முன்னாடியே ஊசி போட்டிருக்கிறான், துறைமுக வேலைக்காக. காகிதம் என்னிடம்தான் இருக்கு. நேரம் பார்க்கிறேன்.

11, புதன்
பெட்டி கட்டியாச்சு. கேரளாவுக்குச் சீலா மீன் அனுப்புகிற மாதிரி ஐஸில் நாலு கை உப்பு. குளிர் கூடும். நர்ஸ்பிள்ளையிடம் சொல்லவில்லை, அசரட்டும்.

12, வியாழன்
மருந்தெல்லாம் கட்டி.

"குளுந்தாப் போதும்க்கா, உறையக் கூடாது. குமிழி உடஞ்சிரும்" என்றது நர்ஸ்பிள்ளை. எல்லாம் வீண். அடுத்த வாரம்தான் வேறு வருமாம். என் உப்பு, என் கை.

வாசலில் சேவியர், ஊர் முன்னால்: "மாதாவே தடுத்துட்டா. எங்க அண்ணன் ஊசி போடாமலே ராசா மாதிரி போனான்."

ராசா மாதிரி. விரல் நீலம் பாரித்துப் போனவர்.

13, வெள்ளி
காற்று இல்லை. காலை மீன் ஏலம், நல்ல கூட்டம், நடுவில் சேவியர். ஐஸ் பெட்டி மேல் ஏறிக் காகிதத்தை வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான். பேர், தேதி, எல்லாம்.

துறைமுகத்தில் கேட்டார்கள், அதான் என்று இழுத்தான்.

"சரிலே. ஒங்க அண்ணன் கேட்டப்ப என்ன சொன்ன?"

கூட்டம் சிரித்தது. எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

அவன் பெண்டாட்டி பிலோமி மீன்கூடையை இறக்கினாள். அவளையும் ஊசி போடவிடாமல் வைத்திருந்தவன். காகிதத்தை வாங்கி இரண்டு தரம் பார்த்தாள்.

"நீரு போட்டுக்கிட்டு என்னைய மட்டும் சாவ விட்டீரோ" என்றாள். பிறகு என்னிடம், "அக்கா, அடுத்த வாரம் எம் பேர மொதல்ல எழுதச் சொல்லும்."

மத்தியானம் சேவியர் சோற்றுக்குப் போயிருக்கிறான். வீடு பூட்டிக் கிடந்ததாம். பிலோமி இங்கே என் அடுப்படியில் மீன் ஆய்கிறாள்.