முதலிடத்தில் இருக்கும் சொட்டு மருந்துக்காரன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் கண்கட்டைப் பிரித்துவிட்டார்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மாவின் கண்ணைக் கெடுத்த சொட்டு மருந்துக்காரன் நான் வேலை பார்க்கும் தேடுதளத்தில் இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறான். நேற்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் என்னை அழைத்துக் காட்டினாள்.

"அக்கா, இந்தக் கூத்தப் பாருங்க. ஒரே சாயங்காலம், ஒரே ஊர்லேருந்து இவன் மேல ஏகப்பட்ட புகார். எல்லாத்துலயும் 'வெளங்காத கபோதிப் பய'ன்னு ஒரே திட்டு! யாரோ ஆள் வச்சு எழுத வச்சிருக்காங்க."

நிறுத்தாமல் போகும் பேருந்துகளை நீங்கள் திட்டும் அதே திட்டு. சொந்தக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து எழுத வைத்திருக்கிறீர்கள். இப்படிக் கூட்டமாக வரும் புகார்களை வடிகட்டும் நிரலை எழுதியவளே நான்தான். அத்தனையும் குப்பைக்குப் போயின.

என் கையால் அவனைக் கீழே இறக்கினால் என் வேலைதான் போகும். அவன் மறுநாளே மேலே வந்துவிடுவான். ஆனால் நான் விடப்போவதில்லை. அந்த மருந்தைப் போட்டுக் கெட்டவர்கள் மட்டும், அவரவர் போனில், அவரவர் வார்த்தையில், நடந்ததை எழுதட்டும். அது குப்பைக்குப் போகாது, கணக்கில் சேரும். அம்மா முதலில் சொல்லட்டும்; நீங்கள் திருத்தாமல் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். போன வாரம் முழுக்க மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வைக்க மனம் வரவில்லை.

அலுவலக வண்டி வந்துவிட்டது. அவன் பத்தாம் பக்கத்தில் கிடந்து ஈ ஓட்டுவதை நான் பார்க்காமல் ஓயமாட்டேன், அப்பா.

உங்கள் மகள்